மூன்றாவது போன்

வைஃபை மெதுவாக இருக்கிறது என்று யார் கூப்பிட்டாலும் தர்மராஜ் முதலில் பெட்டியைப் பார்க்க மாட்டார். "வீட்ல மொத்தம் எத்தனை போனுங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்ன வீடு திருச்சியில் இதுவரை ஒன்றுகூட இல்லை. இரண்டு என்பார்கள், பட்டியலைத் திறந்தால் ஐந்து இருக்கும். வேலைக்கு வரும் அம்மாவுடையது, மாடியில் குடியிருப்பவருடையது, டிராயரில் தூங்கும் பழையது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பத்தொன்பது வருடமாக அவருக்குக் கம்பிதான் சோறு போடுகிறது. காந்தி மார்க்கெட் பக்கம் கேபிள் டிவிக்காக மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவியவர், இப்போது ஃபைபர் இழுக்கிறார். பெட்டியை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்கள், மீன்தொட்டியோடு ஒட்டி வைப்பவர்கள், பூப்போட்ட துணியால் மூடி அழகு பார்ப்பவர்கள் எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில், கிரகணத்தன்று போட்ட தர்ப்பை மூன்று மாதமாகப் பெட்டியின் தலையிலேயே கிடந்தது. எடமலைப்பட்டி புதூரில் அவருடைய சொந்த வீட்டில்தான் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். "ஊருக்கெல்லாம் ஓடுது, இங்க மட்டும் உக்காந்துக்குது" என்று மனைவி குத்திக்காட்டாத நாள் கிடையாது.

பாஸ்வேர்டை மாற்றுவது அவருடைய கைகண்ட மருந்து. மாற்றிய மறு நொடி ஓசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அக்கம்பக்கமெல்லாம் உதிர்ந்துவிடும். யாரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம், பத்தே நிமிட வேலை. அந்தத் திமிர்தான் அவரை ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் மாட்டிவிட்டது.

அந்தத் தெரு அவர் கைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புகார் கொடுத்தவர் சேஷு, ரிடையரான ரயில்வே கிளார்க். வாசலில் ஆரம்பித்தால் கொல்லை வரை ரயில் பெட்டி மாதிரி நீளும் வீடு. அதனால் கூடத்தில் ஒரு பெட்டி, சிக்னலைப் பின்கட்டுக்குக் கொண்டுபோக அடுக்களைக்கு வெளியே நாலு மாதத்துக்கு முன் வைத்த இன்னொரு சின்னப் பெட்டி.

"கார்த்தாலெல்லாம் நன்னா இருக்கு. சாயங்காலம் டொராண்டோலேர்ந்து பொண்ணு பேசறச்சே அவ மூஞ்சி அப்படியே நின்னுடறது" என்றார் சேஷு.

"எத்தனை போனுங்க சார்?"

"ரெண்டே ரெண்டு. எனக்கு ஒண்ணு, ஆத்துக்காரிக்கு ஒண்ணு. அவ கோயிலுக்குப் போயிருக்கா, போன் இங்கதான் இருக்கு."

தர்மராஜ் தன் போனில் பெட்டியின் வரவு போக்கைத் திறந்து பார்த்தார். மூன்றாவது ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் 'ஹ்ருஷி' என்று பெயர். தினமும் மாலை ஆறு ஐந்துக்கு வருகிறது, ஆறரைக்குப் போகிறது. சிக்னல் நூற்றுக்கு எட்டு. எட்ட நின்று கடைசி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் போன் அது. அப்படி ஒன்று இருந்தால் மொத்த வீடும் மெதுவாகிவிடும். ஹோட்டலில் காது கேட்காத ஒருவரிடம் சர்வர் திரும்பத் திரும்ப ஆர்டர் கேட்டுக்கொண்டு நின்றால் மற்ற மேஜைக்காரர்கள் காத்திருக்க வேண்டியதுதானே?

பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கும் என்று முடிவு கட்டினார். பெட்டியின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றி, இரண்டு போனிலும் புதியதைப் போட்டுக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அன்று மாலை மகள் ஹம்ஸாவின் முகம் கண்ணாடி போலத் தெரிந்தது என்று சேஷு போன் செய்தே பாராட்டினார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் சேஷுவின் மனைவி வேதவதி கூப்பிட்டார். "பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு, ரெண்டையும் மறுபடி போட்டுக் குடுத்துடுங்கோ. இன்னிக்கே வாங்கோ."

"அதைப் போட்டா திரும்ப ஸ்லோ ஆயிடும் மாமி."

"ஆகட்டும்."

ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தார். வேதவதி வாசலிலேயே நின்றிருந்தார். அறுபத்துமூன்று வயது, மடிசார், கையில் சுருட்டிய ஒரு காகிதம். அதில் பழைய பாஸ்வேர்டு எழுதியிருந்தது, எழுத்து ஓர் இளைஞனுடையது. பெட்டி இரண்டு தடவை புதுசாக மாறியும் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்ற விட்டதில்லை என்றார். "ஒரு தடவை சேந்த போன் தானா சேந்துக்குமாமே. என்னிக்காவது வந்தா சேந்துக்கணுமோல்லியோ?"

"யாரு மாமி?"

அவர் காகிதத்தை நீட்டினார். தர்மராஜ் காகிதத்தைப் பார்த்தபடி, பேச்சை மாற்றுவதற்காகத்தான் சொன்னார். "அந்த ஹ்ருஷிங்கற பையன்தான் இத்தனை நாளா ஓசில ஓட்டிட்டு இருந்தான். பக்கத்து வீடுங்களா?"

வேதவதியின் கை தூணைப் பிடித்துக்கொண்டது. "அந்தப் பேர ஒமக்கு யார் சொன்னா?"

போனைக் காட்டினார். தேதி தேதியாக, ஆறு ஐந்து, ஆறரை, ஆறு ஐந்து, ஆறரை. நான்கு மாதத்துக்கு முன்னால் தொடங்கியிருந்தது. ஒரு நாள் விட்டுப்போகவில்லை. அவர் பாஸ்வேர்டை மாற்றிய நாளோடு நின்றிருந்தது.

ஹ்ருஷிகேஷ் அவர்களுடைய மகன். ஏழு வருடத்துக்கு முன், ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள், பரீட்சையில் தவறியதற்காக அப்பா அவனை வாசலில் நிறுத்தித் திட்டினார். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே." கொள்ளிடத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்த நேரம். அவன் செருப்பு படித்துறையில் கிடைத்தது. உடம்பு கிடைக்கவில்லை. சேஷு வருடா வருடம் அவனுக்கு ஈமக் கர்மா செய்ய நாள் பார்க்கிறார். வேதவதி வருடா வருடம் முடியாது என்கிறார். இதையெல்லாம் அவர் அழாமல், மளிகை லிஸ்ட் சொல்வதுபோலச் சொல்லி முடித்தார்.

தர்மராஜ் காகிதத்தை விரித்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். நாலு மாதமாகத் தினம் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தவனை, பத்தே நிமிடத்தில் தாழ் போட்டு விரட்டிவிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறோம். இனி வருவானா தெரியவில்லை. பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டார்.

"நானும் இருந்து பாத்துட்டே போறேன் மாமி" என்றார். போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டார்.

ஆறு மணிக்கு வேதவதி எழுந்தார். விளக்கு வைக்கும் வேளையில் கொல்லைக்கதவைச் சாத்தி வாசல்கதவைத் திறந்துவைக்க வேண்டும். மகாலக்ஷ்மி முன்னால் வருவாள், வந்தவள் பின்னால் போய்விடக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நாளும் அது தவறியதில்லை. பின்னால் இரும்புத் தாழ் விழும் சத்தம் கூடம் வரை கேட்டது. விளக்கை ஏற்றிவிட்டு வாசலைப் பார்க்க உட்கார்ந்துகொண்டார். சேஷு மகளோடு பேச ஆரம்பித்தார். படம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கவே தர்மராஜுக்குப் பிடிக்கவில்லை.

ஆறு ஐந்து. ஒன்றுமில்லை. ஆறு எட்டு. வேதவதி வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆறு பத்துக்கு ஹம்ஸாவின் முகம் பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது.

"ஆரம்பிச்சுடுத்து பாருங்கோ" என்று சேஷு எரிச்சலோடு போனைத் தட்டினார். தர்மராஜ் பட்டியலைத் திறந்தார். ஹ்ருஷி. நூற்றுக்கு எட்டு. வேதவதி எழுந்து தெருவுக்கே ஓடினார். ஒரு பூக்காரியும் ஒரு சைக்கிளும் தவிரத் தெருவில் யாருமில்லை.

அப்போதுதான் தர்மராஜ் பக்கத்து வரியைப் படித்தார். அந்த போன் சேர்ந்திருந்தது கூடத்துப் பெட்டியில் இல்லை, அடுக்களைப் பெட்டியில்.

"மாமி, வாசல்ல இல்லைங்க" என்றார். "கொல்லைப்பக்கம் நிக்கிறாரு. கதவுக்கு அந்தாண்ட."

வாசப்படியை மிதிக்காதே என்று சொன்னவருக்கு அது முதலில் புரிந்தது. சேஷுவின் கையிலிருந்த போன் நழுவி ஊஞ்சலில் விழுந்தது. பிள்ளை அப்பா சொன்ன சொல்லைத் தட்டவில்லை. வாசலைத் திறந்துவைத்து அவர்கள் காத்திருந்த வேளையில்தான் பின்பக்கம் வந்து நின்றிருக்கிறான், அந்த வேளையில்தான் அந்தக் கதவுக்குத் தாழ்.

"விளக்கு எரியறதே..." என்று வேதவதி பாதியில் நிறுத்தினார்.

சேஷு அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். கூடம், அடுக்களை என்று சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் தாழை இழுத்தார். துருவேறிய தாழ் முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் இழுத்தார். கதவு திறந்தது.

கிணறு, துவைக்கிற கல், இரண்டு வாழை. ஆள் இல்லை. சாயங்கால வெளிச்சம் மண்ணில் படிந்து கிடந்தது, அதில் ஒரு கால்தடம்கூட இல்லை.

"ஹ்ருஷி," என்றார் சேஷு. ஏழு வருடமாக அந்த வீட்டில் அவர் வாயால் வராத பெயர். "உள்ள வாடா."

தர்மராஜின் போனில் சிக்னல் எண் நகர்ந்தது. எட்டு. பதினைந்து. முப்பது. போனைச் சுவரில் எறிந்துவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது. ஐம்பத்தைந்து. அடுக்களைக்குள் ஈர மண் வாசனை வந்தது. சேஷு யாரும் சொல்லாமலே கதவோரம் ஒதுங்கி வழி விட்டார். வேதவதி புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். எழுபது. பெட்டி மாறியது. அடுக்களையை விட்டுக் கூடத்துப் பெட்டியில் சேர்ந்தது. தொண்ணூற்றாறு.

ஊஞ்சலில் கிடந்த போனில் ஹம்ஸாவின் சிரிப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. "அப்பா? கேக்கறதா? இப்ப நன்னா தெரியறதேப்பா, என்ன பண்ணேள்?"

எட்ட நிற்கும் போன் பக்கத்தில் வந்துவிட்டால் வேகம் தானாகச் சரியாகிவிடும். இதைத் தர்மராஜ் எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

வேதவதி அடுக்களைக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தார். கொல்லைக்கதவை யாரும் சாத்தவில்லை. ஆறரை மணி வந்தது, போனது. மூன்றாவது போன் போகவில்லை.

தர்மராஜ் வண்டியில் ஏறும் முன், புகார் முடிந்ததற்கான படிவத்தைப் போனில் நிரப்பினார். குறை: சரிசெய்யப்பட்டது. வீட்டில் உள்ள போன்களின் எண்ணிக்கை என்ற இடத்துக்கு வந்ததும் பட்டியலை மறுபடி எண்ணினார், நான்கு. பிறகு, தன்னுடையதைக் கழித்துவிட்டு, மூன்று என்று போட்டார்.