ஏரிக்கு முதுகு காட்டிய கூடாரம்

"ரோட்டைப் பாத்து வாசல வச்சு, ஏரிக்கு முதுகைக் காட்டுது டென்ட்டு. எவனாவது இப்படிப் போடுவானா?"

குழாயடியிலிருந்து வாளியோடு திரும்பியவள் கேட்ட கேள்வி இது. கடைசி முளையை அடித்துக்கொண்டிருந்த புருஷன் தலையைத் தூக்கவில்லை.

"வெளிய போற பக்கம்தான் மூஞ்சி இருக்கணும். அவசரம்னா சட்டுனு கெளம்பலாம்ல?"

"டென்ட்டை ஓட்டிக்கிட்டா?"

ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன். செருப்பைக்கூட வெளியே பார்த்துத்தான் விடுவார். கெட்டவர் இல்லை, பிடிவாதத்தில்தான் கழுதை தோற்கும்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலம் தள்ளியவள். பூமிக்கடியில் இருந்தது அது, ஜன்னலே கிடையாது. ஊரார் ரத்தத்தையும் பீயையும் வெளுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், படுக்கிற அறை ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சுவர். வேலையை விட்ட அன்றைக்கு என்ன வேண்டும் என்று மகள் கேட்டாள். "கண்ணு முழிச்சா சுவரு தெரியக்கூடாது. அப்படி ஒரு எடம், ஒரு ராத்திரி போதும்டி" என்றாள் இவள். அதற்காகத்தான் மலைக்காட்டில், ஏரிக்கரை முகாமில், மகள் இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தாள்.

கூடாரத்தைப் பிரித்துத் திருப்பிப் போடச் சொல்லி மல்லுக்கு நின்றாள். முதுகு பிடித்துக்கொண்டது என்றார் அவர். மிச்சச் சாப்பாட்டைக் கரடிக்குப் பயந்து இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள்.

விடிந்து கண்ணைத் திறந்தாள். திறந்திருந்த வாசலுக்கு எதிரே தார் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கக்கூஸ் சுவர், புதுசாக வெள்ளையடித்திருந்தார்கள். எழுந்து போய், முகாம் கடையில் மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி வந்து, கூடாரத்துக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்து விரித்தாள். சாய்ந்தவள் அப்படியே அசந்துவிட்டாள். மறுபடி கண் விழித்தபோது சுவரைக் காணோம். வெயில் பட்ட ஏரிதான் அக்கரைவரைக்கும் கிடந்தது. ஒரு வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து இரை தேடிக்கொண்டிருந்தது. இவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பக்கத்தில் அவர் காப்பியோடு நின்றார்.

"நான் எங்க உக்கார்றது?"

"உங்களுக்குத்தான் ரோடு இருக்கே."

அவர் சிரித்துக்கொண்டே அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"மறைக்காதீங்க, தள்ளுங்க."

தள்ளி உட்கார்ந்தார். காப்பியை அவளிடம் நீட்டினார். இரண்டு பேரும் வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாற்காலி சொகமாத்தான் இருக்கும்போல. எவ்வளவு?"

"உங்க சட்டைப் பைலருந்துதான் எடுத்தேன்" என்றாள், கண்ணைத் திருப்பாமலே. "எழுநூத்தம்பது."