கால் தெரியாத படம்

பறவைகளைப் படம்பிடிக்கத் தொடங்கிய புதிதில், நற்பிட்டிமுனை வயலில் நெல் வேளாண்மைக்குள் பதுங்கியிருந்த பழுப்புப் பறவையொன்றைப் படமெடுத்து, பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பெயர் கேட்டேன். கால் நிறம் தெரிந்தால்தான் சொல்லலாம் என்றார்கள். மறுநாளும் அது அதே இடத்தில் அசையாமல் இருந்தது. எனக்குப் பெயர் வேண்டும், அவ்வளவுதான். மண்கட்டியொன்றை எடுத்து எறிந்தேன். அது எழுந்து ஓடியது. சிவந்த கால்கள் படத்தில் துல்லியமாக விழுந்தன.

வரம்பில் நின்ற வயல்காரர் ஓடிவந்தார். "அது அடை கிடக்கிற குருவி சேர், என்னத்துக்கு எறிஞ்சீங்க?"

கூட்டுக்குள் என் மண்கட்டி கிடந்தது. அதனடியில் இரண்டு முட்டைகள் உடைந்திருந்தன.

பின்னேரம் குழுவில் பெயர் வந்தது, கானாங்கோழியில் ஒரு வகையாம். கூடவே ஒருவர் கேட்டிருந்தார்: "பக்கத்தில் கூடு ஏதும் இருந்ததா?"

"இல்லை" என்று எழுதினேன்.