கேள்வி மட்டும் கேட்கும் சங்கம்

விவசாயப் போதனாசிரியர் உத்தியோகத்தில் வெயிலைத் தாங்கலாம், அட்டைக் கடியைத் தாங்கலாம், சங்கத் தலைவர்களைத்தான் தாங்க முடியாது. ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களில் வேலை செய்த நாங்கள் கொஞ்சப்பேர் சேர்ந்து 'செய்து படிப்போர் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினோம். விதி எளிது. மாதம் ஒருமுறை ஒருவர் தன் வேலையில் தீராத சிக்கல் ஒன்றோடு வந்து நடுவில் போட்ட கதிரையில் உட்காருவார். மற்றவர்கள் புத்திமதி சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். அவர் போய் ஏதாவது செய்துபார்த்து, அடுத்த மாதம் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் சங்கம் என்றால் தலைவர் வேண்டுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்துபோகும் பெரிய உத்தியோகத்தர் ஒருவரைத் தலைவராக்கினோம். கந்தோரில் எனக்கு மேலதிகாரியாக இருந்த சிவக்கொழுந்தர் செயலாளரானார். நான் உதவிச் செயலாளர். அதாவது கதிரை அடுக்குகிறவன், கடிதம் எழுதுகிறவன், கூட்ட அறிக்கை எழுதுகிறவன். நீங்களும் எங்காவது உதவிச் செயலாளராக இருந்து தொலைத்திருந்தால், மிச்சத்தை நான் சொல்லாமலே பல்லைக் கடிப்பீர்கள்.

தலைவரின் கேள்வி

முதற் கூட்டத்தில் நடுக்கதிரையில் இருந்தவர் தண்ணீரூற்றுக் காசிம் மாஸ்டர். பிள்ளைகளைக் கொண்டு பாடசாலைத் தோட்டம் போடுகிறவர். தோட்டம் தளிர்க்கத் தளிர்க்க ஊர்மாடு வந்து தின்றுவிடுகிறது, அதுதான் அவருடைய சிக்கல். நாங்கள் கேள்வி கேட்க வாயெடுக்கமுன் தலைவர் எழும்பினார். தான் வெளிநாடு போய்ப் பார்த்த தோட்டங்கள், தன் வீட்டு ரோசாச் செடிகள், தனக்குப் போட்ட மாலைகள் என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். விதி ஞாபகம் வந்ததோ என்னவோ, கடைசியில் "இவ்வளவும் விளங்கிச்சுதோ? இதுதான் என்ர கேள்வி" என்று முடித்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

காசிம் மாஸ்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "தம்பி, மாடு திண்டாலும் அடிக்கட்டையை விட்டிட்டுப் போகும். இவர் எனக்கு ஒண்டுமே விடேல்லை."

காலியான கதிரை

ஒரு வருஷம் போனது. தலைவரோ செயலாளரோ ஒருமுறையாவது அந்தக் கதிரையில் இருக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. மற்றவர்கள் தங்கள் தோல்வியைச் சபையில் சொல்லிக் கூனிக் குறுகும்போது இவர்கள் மேசைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சிவக்கொழுந்தரிடம் கேட்டேவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அதில இருந்தா எனக்குப் பிரச்சினை இருக்கெண்டெல்லோ சனம் நினைக்கும்? பிரச்சினை இருக்கிறவனை ஆர் ஐசே செயலாளரா வைச்சிருப்பினம்?"

சப்பாத்து

அந்தச் சிறுபோகத்தில், குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் கோடை வெள்ளாமைக் காலத்தில், தலைவர் நேரே களத்தைப் பார்க்க வந்தார். முதலில் ஜீப்பைச் சங்கத்தின் மாதிரி வயலில் நிற்பாட்டினோம். ரோட்டோரம், வாய்க்காலின் தலைப்பக்கம், பெரிய பெயர்ப்பலகையோடு பச்சைப் பசேலென்று நின்றது. அதற்கான கடிதமெல்லாம் எழுதியவன் நான் என்பதால் எனக்கும் கொஞ்சம் பெருமைதான். படம் பிடித்தார்கள்.

பிறகு அதே வாய்க்காலின் கடைசி வயலுக்கு, முரசுமோட்டைக்குப் போனோம். அது நாகம்மாக்காவின் மூன்று ஏக்கர். புலோலியிலிருந்து வந்து குடியேறி, புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகும் காணியை விடாமல் தானே செய்தவர். இந்தப் போகம் பொய்த்தால் விதைநெல்லும் இல்லை. அண்ணன் வீட்டுக் குசினிக்குத் திரும்பிப்போய் அண்ணிக்குச் சட்டி கழுவ வேண்டும். அதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். பயிர் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில், தண்ணீர் தவறக்கூடாத நேரத்தில் நின்றது. நிலம் கால் புதையும் அளவுக்கு வெடித்திருந்தது.

தலைவர் ஜீப்பால் இறங்கித் தன் காலிலிருந்த புதுச் சப்பாத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "நல்லகாலம், சேறில்லை" என்றார்.

நாகம்மாக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அதுதானே ஐயா பிரச்சினை."

உறுப்பினர் அல்லாதவர்

அக்காவின் வயலை அடுத்த கூட்டத்தில் எடுக்க வேண்டும் என்றேன். அவர் உறுப்பினர் இல்லை என்றார் செயலாளர். அப்படியானால் அது என் சிக்கல், நான் கதிரையில் இருக்கிறேன் என்றேன். அன்றைக்கு முக்கால்வாசி நேரமும் சங்கத்து முத்திரையில் நெற்கதிர் வலப்பக்கம் சாய்வதா இடப்பக்கம் சாய்வதா என்பதிலேயே போனது. அங்கே ஒரு மனுசியின் பயிர் கருகுகிறது, இங்கே இவர்கள் காகிதத்தில் நெற்கதிரைச் சாய்க்கிறார்கள்! கடைசிப் பத்து நிமிஷத்தில் எனக்குக் கதிரை கிடைத்தது. மழைக் குறைவு, குளத்து மட்டம் என்று நானும் ஒரு பிரசங்கமே வைத்தேன்.

காசிம் மாஸ்டர் ஒரேயொரு கேள்வி கேட்டார். "தம்பி, அந்த வாய்க்கால் வழியே ஒருக்காலாவது நடந்து பாத்தனீரோ?"

வாய்க்கால் வழியே

நடக்கவில்லை. எப்போதும் ரோட்டால்தான் சைக்கிளில் போவேன். அடுத்தநாள் விடியவே நாகம்மாக்கா வயலிலிருந்து மேல்நோக்கி நடக்கத் தொடங்கினேன். அக்காவும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். ஒன்றரை மைலில் வாய்க்காலுக்குக் குறுக்கே மண்மூட்டை அடுக்கிய அணை ஒன்று இருந்தது. தண்ணீர் முழுக்கத் திரும்பி ஒரு வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொழும்பிலிருந்து விருந்தினர் வரும்வரை மாதிரி வயலில் இரண்டு அங்குலத் தண்ணீர் எந்நேரமும் நிற்க வேண்டும் என்று தலைவர் சொல்ல, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானைக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். விருந்தினர் பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அணை மட்டும் நின்றது. என் கையை நானே வெட்டிப்போடலாம் போலிருந்தது. மண்வெட்டியை வாங்கி வெறிபிடித்தவன்போல் அணையை வெட்டினேன். அக்கா மூட்டைகளை இழுத்து எறிந்தார். மண்வெட்டியோடு வந்தவருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கடிதத்தில உங்கட கையெழுத்தெண்டு விதானையார் காட்டினவர். நீங்கள் ஜீப்பில வந்தது, காஞ்சது போதுமோ எண்டு பாக்கத்தான் எண்டு நினைச்சன், தம்பி."

அறிக்கையில் இல்லாதது

விதிப்படி அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். எங்கள் வயல்தான் அவருடைய தண்ணீரைக் குடித்தது, கடிதம் என்னுடையது, கட்டளை தலைவருடையது என்று ஒன்றையும் மறைக்கவில்லை. தலைவர் கோபப்பட்டிருந்தாலாவது மரியாதை வந்திருக்கும். அவர் சிரித்தார். "நல்ல அனுபவம். அறிக்கையில 'பயனுள்ள பாடம் படிச்சம்' எண்டு மட்டும் போடும். வாய்க்கால் கதையை விடும்."

அக்காவின் முறை

மூன்று ஏக்கரில் ஒன்று தப்பியது. மற்ற இரண்டும் சப்பி, உள்ளே அரிசி பிடிக்காத வெறும் உமி. விதைநெல் தேறும், சாப்பாட்டுக்குத் தேறாது. எங்கள் மாதிரி வயலோ நல்லாய் விளைந்தது. வருடாந்தக் கூட்டத்தில் அதன் படத்துக்கு மாலை போட்டார்கள். சங்கம் தண்ணீர் திறந்துவிட்டதற்கு நன்றி சொல்லவென்று நாகம்மாக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த சப்பி நெல்லை மேசையில், தலைவரின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கொட்டினார்.

"இஞ்ச கேள்விதானாம் கேக்கலாம், தம்பி சொன்னவர். எனக்கு ஒரு கேள்விதான் இருக்கு. நீங்கள் படிக்கிறதுக்கு என்ர வயலோ ஐயா கிடைச்சுது?"

அந்தக் கேள்வியை ஆராய மூவர் கொண்ட உபகுழு ஒன்று அமைக்கப்பட்டதாக அன்றைய அறிக்கையில் எழுதினேன். என் காலத்தில் அந்தச் சங்கத்துக்காக நான் எழுதியதில் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிய வரி அது ஒன்றுதான்.