எடைக்குப் போட்ட கதை

என் கணவரின் அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நல்லவர் என்பதால்தான் அவரைப் பழிவாங்க நான் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விருத்தாசலத்தில் பாலக்கரைப் பக்கம் அவருக்கு ஹார்டுவேர் கடை. வீட்டின் கீழ்ப்பகுதியில் அவரும் அக்காவும், அதாவது அவர் மனைவியும் இருந்தார்கள். மாடியில் நாங்கள். டிவி கீழே கூடத்தில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் குழுவில் சேர்ந்த பிறகு அந்த டிவியில் என்ன ஓட வேண்டும் என்பதை மாமாதான் முடிவு செய்தார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சீரியல் நின்றது, சினிமாப் பாட்டு நின்றது. சாமி சேனல் மட்டும் காலையிலும் மாலையிலும் ஓடியது. அக்கா எதிர்வீட்டுக்குப் போய் சீரியல் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு அது பெரிய நஷ்டமில்லை. எனக்குப் புத்தகங்கள் இருந்தன.

எனக்கும் சாமி உண்டு. ஒரு கதையைப் படித்து முடித்துவிட்டு விளக்கேற்றும்போது மனசு கூசக் கூடாது என்பது என் கணக்கு. கூசிய புத்தகங்களை நானே தூக்கிப் போட்டிருக்கிறேன். மிச்சம் இருந்தவை மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரி நிறைய. அதில் பச்சை அட்டை போட்ட நாவல் ஒன்றை அப்பா நெய்வேலியில் வாங்கிக் கொடுத்தார். அவர் எனக்கு வாங்கித் தந்த கடைசிப் பொருள் அதுதான்.

நான் செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் அலமாரியில் பக்திப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

"மாமா, இங்க இருந்த புக்கெல்லாம்?"

"எடைக்குப் போட்டுட்டேன்மா. பொரட்டிப் பாத்தேன், கொலையும் காதலுமா இருந்துச்சு. சாமி இருக்கிற வூட்டுல அது எதுக்கு? உனக்குன்னு நல்ல புக்கா வாங்கி வெச்சிருக்கேன். படி."

அவர் குரலில் அதட்டல்கூட இல்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்தவர் மாதிரிப் பேசினார். மறுநாள் வேலைக்குப் போகாமல் பழைய பேப்பர் கடைகளில் தேடினேன். லோடு ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

"அண்ணன் நல்லதுக்குத்தான செஞ்சாரு. விடு," என்றார் என் கணவர்.

நான் விடவில்லை. மணவாளநல்லூருக்கு பஸ் ஏறினேன். அங்கே கோயிலில் கொளஞ்சியப்பர் சாமியிடம் குறையை மனுப்போல எழுதிப் பிராது கட்டுவார்கள். நிலத்தை ஏமாற்றியவன், நகையைத் திருடியவன் என்று ஒவ்வொருவர் மீதும் பிராது எழுதிக்கொண்டு ஜனங்கள் நின்றிருந்தார்கள். நானும் தாளை வாங்கினேன். மாமாவின் பெயரை எழுதப் போனவள் நிறுத்திவிட்டேன். சாமி கையில் கொடுத்தால் மாமாவுக்கு எந்தத் தண்டனை கிடைத்தது, எதற்குக் கிடைத்தது என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும். எனக்கு அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு சில வருஷம் போனது. மாமா புதுச்சேரியில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டார். கண்ணில் சீழ் பிடித்துவிட்டது. ஆறுகிற வரைக்கும் டிவி, போன், புத்தகம் எதையும் பார்க்கவே கூடாது என்று டாக்டர் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டு அனுப்பினார். பிள்ளைகள் இருவரும் சென்னையில். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

"ஏம்மா, சாயங்காலத்துல எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டுறியா? அடியார்ங்க கதை புக்கு அலமாரியில இருக்குது," என்று மாமா கேட்டார்.

முதலில் ஒழுங்காகத்தான் படித்தேன். நல்ல கதைகள்தான், எனக்கும் பிடிக்கும். பிறகு ஒரு சாயங்காலம் அதே புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு அப்பா வாங்கித் தந்த நாவலைச் சொல்லத் தொடங்கினேன். அது வரிக்கு வரி எனக்குத் தெரியும்.

ரயிலடியில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒருத்தி. அவள் தங்கை ஒருவனோடு போய்விடுகிறாள். எந்தச் சேதியும் இல்லை. அக்காக்காரி ஒவ்வொரு ராத்திரியும் தங்கைக்குத் தட்டில் சோறு எடுத்து வைக்கிறாள். ஊர் சிரிக்கிறது. நான் எங்கேயும் சாமி பேரைச் சொல்லவில்லை, பொய்யாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சாமி எப்போது வருவார் என்று மாமாதான் காத்துக்கொண்டிருந்தார்.

"இந்த அம்மா எந்த ஊரு அடியாரும்மா?"

"போகப் போகத் தெரியும் மாமா."

தினமும் நான் கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தங்கைக்கு வைத்த தட்டைப் பூனை நக்கிப் போகிற இடம் வந்தபோது மாமாவின் கட்டுக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. அழக் கூடாது என்று அக்கா திட்டினார். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

கட்டு அவிழ்க்கப் புதுச்சேரிக்குப் போவதற்கு முந்தைய சாயங்காலம், தங்கையைக் கூட்டிப் போனவன் மட்டும் தனியாகத் திரும்பி வருகிற இடத்துக்குக் கொண்டுவந்தேன். பசியோடு வந்து அந்தக் கடையிலேயே இலை முன்னால் உட்காருகிறான். அக்காக்காரிக்கு அவனை அடையாளம் தெரிந்துவிடுகிறது. இட்லியை வைத்துவிட்டு, "என் தங்கச்சி எங்க?" என்று கேட்கிறாள். அவன் தலை நிமிர்கிறான்.

நான் புத்தகத்தை மூடினேன்.

"மிச்சத்த நானே படிச்சுக்கறேன். நாளைக்குத்தான் கட்டு அவிழ்க்கறாங்களே," என்றார் மாமா சந்தோஷமாக.

கண் சரியாகிவிட்டது. மாமா புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார், கடைசியிலிருந்து புரட்டினார். அலமாரியிலிருந்த மற்றதையும் இறக்கிப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த இட்லிக் கடை அம்மா கதை எதுலம்மா இருக்குது?"

"இதுல எதுலயும் இல்ல மாமா. பச்ச அட்ட போட்ட புக்குல இருந்துச்சு. எடைக்குப் போட்டீங்களே, அதுல."

அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வரப் பார்த்தது. ஆனால் அழுதவர் அவர்தானே, யாரைக் கோபிப்பது? மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சரி. அந்தப் பொண்ணு உசுரோட இருக்குதா?"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன், பாத்துட்டு வரேன்," என்று மாடிக்குப் போய்விட்டேன்.

பிறகு கடையில் வேலை செய்பவனை அனுப்பிக் கடலூரில் பழைய புத்தகக் கடைகளில் விசாரித்தார். புத்தகத்தின் பெயர் தெரியாமல் எப்படிக் கிடைக்கும்? நான் சொல்லவில்லை. இப்போது என் புத்தகங்கள் கூடத்து மேசைமேலேயே கிடக்கின்றன. மாமா தொடுவதில்லை. என்ன படிக்கிறேன் என்று கேட்பதுமில்லை. அந்த ஒன்றை மட்டும் அவ்வப்போது, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்பார்.

"பாவம், வயசான மனுஷன். சொல்லிடேன்," என்று என் கணவர் போன வாரமும் சொன்னார்.

அந்தத் தங்கைக்கு என்ன ஆனது என்று அவருக்கும் தெரியாது.