வேம்பார் மணலில் புதைந்த வீடு

1997 மே மாதம். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்திருந்தது. “எல்லாரும் ஊட்டிக்குத்தான் போறாங்க. நாம கடலோரமா போலாமுங்க” என்றாள் என் மனைவி தங்கமணி. கோவை கணபதியில் எனக்கு லேத் பட்டறை. அங்கே சும்மா நின்ற பழைய டீசல் வேனில் இரண்டு பலகைக் கட்டில்கள், ஒரு கேஸ் அடுப்பு, ஜன்னல்களுக்குக் கொசுவலை என்று ஒரு மாதத்தில் பொருத்தி முடித்தேன். கேரவன் என்றால் பெரிய கற்பனை வேண்டாம். நாலு பேர் படுக்கலாம், மழை பெய்தால் மூன்று பேர்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பல்லடம், தாராபுரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை வழியாகச் சாயல்குடி. ஏறக்குறைய 320 கிலோமீட்டர். சாயல்குடி தாண்டியதும் பச்சை நின்றுபோனது. உடைமரமும் பனையும் வெள்ளை வெயிலும்தான். எங்கள் பெண்கள் கவிதாவும் ரஞ்சனியும் கட்டிலில் குப்புறப் படுத்துக் கடலைத் தேடிக்கொண்டே வந்தார்கள்.

ராத்திரி வழியில் தங்கிவிட்டு, மறுநாள் காலை வேம்பார் பக்கம் ஆளில்லாத ஒரு கரை. ஈர மணல் சிமெண்ட் தரைபோல இருந்தது. தண்ணீருக்குப் பதினைந்தடி தள்ளி வேனை நிறுத்தினேன். அதைவிட அழகான இடத்தில் நான் இட்லி தின்றதில்லை.

மதியத்துக்கு மேல் காற்று மாறியது. அலை ஏறி வர, கிளம்பலாம் என்று வண்டியை எடுத்தேன். நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரங்கள் குழி பறித்தன. அரை மணி நேரத்தில் அச்சு மணலைத் தொட்டுவிட்டது. அடுத்த அலை டயரை நக்கிவிட்டுப் போனது. ரஞ்சனி அழ ஆரம்பித்தாள். பட்டறைக்கு அடுத்தபடியாக எங்களிடம் இருந்த சொத்து அந்த வண்டிதான்.

கவிதா பனங்காட்டுப் பக்கம் ஓடி ஆட்களைக் கூட்டி வந்தாள். கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்த அந்தோணியம்மாளும், வலை உலர்த்திக்கொண்டிருந்த ஐந்தாறு பேரும்.

“எய்யா, மேல கெட்டியா இருக்கும், உள்ள சகதியில்லா! இங்க யாராச்சும் வண்டிய எறக்குவாவளா?” என்றார் அந்தோணியம்மாள். திட்டிக்கொண்டே பனைமட்டைகளை அள்ளி வரச் சொன்னார்.

நான் மறுபடி டிரைவர் சீட்டில் ஏறப் போனபோது தங்கமணி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, நீங்க கீழ நின்னு தள்ளுங்க. நானு ஓட்டறனுங்க.”

“வேன் ஓட்டிப் பழக்கமில்லையே அம்மணி.”

“கிணத்துக்கடவுல எங்கப்பா டிராக்டர்ல சேத்துழவு ஓட்டுனவளுங்க நானு. நீங்க மிதிச்ச மிதியிலதான் இவ்வளவு குழி. மொதல்ல டயர்ல பாதிக் காத்த எறக்கிப்போடுங்க.”

கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம். டிராக்டர் கதை எனக்கு அன்றுதான் தெரியும். காற்றை இறக்கினேன். சக்கரங்களுக்கு முன்னால் மணலை வாரிவிட்டு மட்டைகளைச் செருகினோம்.

“ஏல, மூச்சப் பிடிச்சுத் தள்ளுங்கல!” என்று அந்தோணியம்மாள் குரல் கொடுத்தார். தங்கமணி இரண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி முக்கியது, ஆடியது, மட்டைமேல் ஏறியது. ஏறியவள் நிற்கவேயில்லை. செருப்பை விட்டுவிட்டு நாங்கள் பின்னாலேயே ஓட, பனைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து தார் ரோட்டுக்குப் போய்த்தான் நிறுத்தினாள். ஹாரனை விடாமல் அடித்தாள். மீனவர்கள் விசிலடித்தார்கள். அந்தோணியம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளி, ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அதன்பின் தூத்துக்குடி, மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. தேரி என்று சொல்லும் செம்மணல் மேடுகளை ஒட்டிய அந்த ரோட்டில் பாதித் தூரம் அவள்தான் ஓட்டினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். குடிதண்ணீரைச் சாயல்குடிக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். கரையோரக் கிணறுகள் பெரும்பாலும் உப்பு. கால் பம்பு அவசியம், காற்றை இறக்கினால் திரும்ப அடிக்க வேண்டுமே. ஈர மணலைக் கண்டு மயங்காதீர்கள். ரோட்டைவிட்டு இறங்கும் முன் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள்.

மணப்பாட்டுக்குப் போகும்போதுதான் நான் முதல்முறையாகப் பின்கட்டிலில் படுத்துப் பயணம் செய்தேன். ஜன்னல் முழுக்கக் கடல். முன்னால் தங்கமணி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். நான் கட்டிய வண்டி இவ்வளவு சுகமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.