விரத நாளின் ஊசி

நைனார்பாளையத்தில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை தூக்கும் சின்னக்கண்ணு, எத்தனை அவசரமானாலும் மனைவிக்கு இன்சுலின் ஊசி போடாமல் வேலைக்குக் கிளம்பியதில்லை. ஊசியைக் கண்டாலே காசியம்மாளுக்குக் கை உதறும். அவன்தான் ஈரமணல் பானைக்குள் வைத்த மருந்தை எடுத்துத் தொடையில் குத்தி, கையோடு கூழையும் கரைத்துக் கொடுப்பான். பொண்டாட்டிக்கு நர்சு வேலை பார்க்கிறான் என்று ஊர் சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன, நோவு அவர்கள் வீட்டிலா இருந்தது?

"ஊசி போட்டா ஒடனே சாப்பிடணும், இல்லன்னா உயிருக்கே ஆபத்து" என்று ஆஸ்பத்திரியில் நர்சு சொன்னதை அவன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். ஒருமுறை அப்படி மயங்கி விழுந்தவளை, வாயில் சர்க்கரையைப் போட்டு மீட்டவனும் அவன்தான். அந்தப் பயம் அவனை விட்டுப் போகவே இல்லை.

இந்த ஆடியில் காசியம்மாள் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டாள். விரதத்தின் கடைசி நாட்களில் சோறில்லை, தண்ணீர் மட்டும்தான் என்றாள். தடுத்துப் பார்த்தான், கேட்கிற ரகமில்லை அவள். சோறு இல்லை என்றானதும் ஊசியையும் நிறுத்தினான். சாப்பிடாத உடம்பில் சர்க்கரை எங்கிருந்து ஏறும்? யாருக்கும் தோன்றுகிற கணக்குதான், பாழாய்ப்போன கணக்கு.

மறுநாள் வாந்தி, அடங்காத தாகம். விரதக் களைப்பு என்றார்கள் அக்கம்பக்கத்தில். சாயங்காலம் மூச்சு வாங்கிக்கொண்டே அவன் கையைப் பிடித்தாள்.

"ஒரு மாரியா இருக்குதுய்யா. ஊசியப் போட்டுடேன்."

"வெறும் வயித்துல போட்டா செத்துப்பூடுவ. பேசாம படு."

விடியும்போது அவளுக்கு நினைவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது என்றார்கள்.

"ஒண்ணும் துன்னலையேம்மா, சர்க்கரை எப்படி ஏறிச்சு?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டான். அந்த அம்மாள் பெஞ்சில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, இனி மறைத்துப் பயனில்லை என்பதுபோல் சொன்னார்.

"கணையத்துல ரெண்டு விதமான செல்லு பக்கத்துல பக்கத்துல இருக்குதுங்க. ஒண்ணு கல்லீரலப் பாத்து, சர்க்கரைய எறக்குன்னு சொல்லிக்கினே இருக்கும். இன்னொண்ணு இன்சுலின விட்டு, போதும் நிறுத்துன்னு அத அடக்கும். உங்க சம்சாரத்துக்கு அடக்குற செல்லு எப்பவோ செத்துப்போச்சு. ஊசிதான் அந்த வேலையச் செஞ்சுது. ஊசி நின்னதும் கேக்க ஆளில்ல, கல்லீரல் சர்க்கரையக் கொட்டிடுச்சு. பட்டினின்னா எங்களக் கேட்டு அளவக் குறைக்கலாம். அடியோட நிறுத்தக் கூடாது."



"அவ கேட்டாம்மா" என்றான் சின்னக்கண்ணு. "போடுய்யான்னு வாயத் தொறந்து கேட்டா. நாந்தான் செத்துப்பூடுவன்னு சொன்னேன்."