நிற்கிற நிலை

கால்நடை டாக்டர் சொர்ணம் லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். மாட்டு டாக்டரைக் கட்டினால் வீடே சாணி நாறும் என்று வந்த வரன்களெல்லாம் போய்விட்டன. போய்த் தொலையட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

1983இல் ஒரு பெண்கள் பள்ளியில், கால்நடை மருத்துவம் படிக்க வாருங்கள் என்று பேசினார். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஆதிலட்சுமி மட்டும் எழுந்தாள்.

"வாயில்லா ஜீவனுக்கு எங்க வலிக்குதுன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க டாக்டரம்மா?"

"அது நிக்கிற நிலையப் பாத்தாலே தெரியும்."

அவள் டாக்டரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப உங்களுக்கு இடது காலு வலிக்குதுங்களா?"

மாடு உதைத்த கால் அது. மாதக்கணக்காக யாரும் கேட்டதில்லை. கேட்க வீட்டில் ஆளும் இல்லை.

"ஆமாம்மா" என்று நாற்காலியை இழுத்து, இடது காலை நீட்டி உட்கார்ந்தார் சொர்ணம்.